ஊருணி அளவுமானியின் பேட்டரி 104 நாளில் தீர்ந்துவிட்டது: குற்றம் டைமர் மீதா?

ஊருணிக்கரை | மே 3, இரவு 9.14

தேவகோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊரில் குடிநீர் ஊருணி ஒன்று இருக்கிறது. நான்கு பக்கமும் கல் படிக்கட்டு, சுற்றுச்சுவர், காலைக் கழுவிக்கொண்டு இறங்கினாலும் திட்டு விழும் வகை. வரத்துக்கால் அடைபட்டுப் போன ஆண்டில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவருக்கும் கணக்குத் தெரியவில்லை. ஆகவே ஊர்ப்பணத்தில் நானே ஓர் அளவுமானி செய்து கல்தூணில் மாட்டினேன். ஒலியலையால் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார், ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு, என்பி-ஐஓடி (சிறு கருவிகள் கைபேசி டவர் வழியே சிறு தகவல் அனுப்பும் முறை) மோடம், கருவிகளுக்கென்றே தரும் 13 இலக்க எண் கொண்ட எம்2எம் சிம். பேட்டரி பென்சில் செல் அளவுள்ள லித்தியம் தயோனில் குளோரைடு, 3.6 வோல்ட், 2.4 ஆம்பியர்-மணி. அரை மணிக்கு ஒருமுறை அளவு அனுப்பும்.

தை மாதம் 3-ஆம் நாள் மாட்டியது. சித்திரையில் செத்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் 104 நாள். பெட்டியைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை இரண்டு இருந்தன, ஈரம் இல்லை, துரு இல்லை. ‘பத்தாண்டு ஓடும்’ என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னவன் நான். இப்போது கோயில் வாசலில் என்னைப் பார்க்கிறவர்கள் பேட்டரியை விசாரிக்கிறார்கள், என் உடம்பை அல்ல.

மின்சேமிப்பு நிலையான பிஎஸ்எம்மை இயக்கித்தான் வைத்திருக்கிறேன். பிறகு எங்கே போனது மின்சாரம்?

---

பள்ளத்தூர்ச் சிறுவன் | மே 3, இரவு 9.40

அண்ணே, சின்னதாக ஒரு சூரியத் தகடு வைத்துவிடுங்கள். இந்த வெயிலுக்குப் பேட்டரி பற்றிய பேச்சே வராது.

---

ஊருணிக்கரை | மே 3, இரவு 9.52

முதலில் மாட்டிய கருவியில் தகடு இருந்தது தம்பி. பதினொரு நாளில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் பேட்டரிக்கே வந்தேன்.

---

கோட்டையூர்க் கம்பி | மே 4, காலை 6.20

பிஎஸ்எம் ‘இயக்கியிருக்கிறேன்’ என்று நீங்கள் எழுதியதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை நாம் இயக்குவதில்லை, கேட்கிறோம். கொடுப்பது நெட்வொர்க். கேட்டதையே கொடுக்கலாம், வேறு அளவு கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம்.

மூன்று விஷயம் வேண்டும். பிஎஸ்எம் கேட்கும் சிபிஎஸ்எம்எஸ் கட்டளையில் நீங்கள் அனுப்பிய இரண்டு பிட் வரிசைகள் என்ன? சிஇஆர்இஜி கட்டளையை 4 என்று வைத்துப் பதிவு நிலையைக் கேட்டால் திரும்பி வரும் இரண்டு வரிசைகள் என்ன? தகவல் போய்ச் சேர்ந்த பிறகு மின்னோட்டம் எத்தனை விநாடியில் எவ்வளவுக்கு இறங்குகிறது?

மல்டிமீட்டரில் அளப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. மைக்ரோ ஆம்பியர் நிலையில் வைத்து நேரே இணைக்காதீர்கள். அந்த நிலையில் மீட்டருக்குள் இருக்கும் மின்தடையே பேட்டரியின் வோல்ட்டைத் தின்றுவிடும். மோடம் அனுப்பத் தொடங்கியதும் மயங்கி விழுந்து மறுபடி எழும், நீங்கள் மோடத்தின் மீது பழி போடுவீர்கள். மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சுவிட்ச் போட்டு மூடி வையுங்கள். தகவல் போய் முடிந்து கருவி தூங்கிய பிறகு சுவிட்சைத் திறந்து எண்ணைப் படியுங்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை.

---

ஊருணிக்கரை | மே 4, இரவு 8.05

புது செல் போட்டு இன்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்து அளந்தேன். எழுதி வைத்தவை இவை.

நான் கேட்டது: எழுப்பும் டைமரான டி3412-க்கு 00000011, காத்திருக்கும் டைமரான டி3324-க்கு 01100101. அதாவது அரை மணிக்கு ஒருமுறை எழு, ஒவ்வொரு முறையும் 10 விநாடி மட்டும் காத்திரு.
வந்த பதில்: டி3412-க்கு 00000011, டி3324-க்கு 00100101.

கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. மின்னோட்டம்: தகவல் போனபின் ஏறத்தாழ 20 விநாடி சராசரியாக 40 மில்லி ஆம்பியர். அப்புறம் 2 மில்லி ஆம்பியர் அளவில் துடித்துக்கொண்டே இருந்தது. கொசுக்கடியில் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

---

கோட்டையூர்க் கம்பி | மே 4, இரவு 8.31

அப்படியே கிடைக்கவில்லை. இடமிருந்து இரண்டாவது பிட்டைப் பாருங்கள். கேட்டது 01100101, வந்தது 00100101.

---

ஊருணிக்கரை | மே 4, இரவு 8.33

அட.

---

கோட்டையூர்க் கம்பி | மே 4, இரவு 9.50

சாப்பிட்டுவிட்டு வந்து விரிவாக எழுதுகிறேன் என்று நினைத்தேன், இதோ.

இந்த எட்டு பிட்டில் முதல் மூன்றும் அலகு, பின் ஐந்தும் எண்ணிக்கை. ஐந்து பிட் என்பதால் 0 முதல் 31 வரை. இது இரண்டு டைமருக்கும் பொது. ஆனால் அலகு அட்டவணை இரண்டுக்கும் வேறு வேறு. இங்கேதான் ஊரே வழுக்கி விழுகிறது.

நீட்டித்த டி3412-க்கு: 000 என்றால் 10 நிமிடம், 001 என்றால் 1 மணி, 010 என்றால் 10 மணி, 011 என்றால் 2 விநாடி, 100 என்றால் 30 விநாடி, 101 என்றால் 1 நிமிடம், 110 என்றால் 320 மணி. 31 தடவை 320 மணி என்றால் 9,920 மணி, 413 நாள். 111 என்றால் டைமரே கிடையாது.

டி3324-க்கு: 000 என்றால் 2 விநாடி, 001 என்றால் 1 நிமிடம், 010 என்றால் 6 நிமிடம், 111 என்றால் டைமர் இல்லை. அவ்வளவுதான். இது பழைய ஜிபிஆர்எஸ் காலத்து அட்டவணை. உச்சம் 186 நிமிடம். இந்த அட்டவணையில் 011 என்ற அலகே கிடையாது. இல்லாத அலகு வந்தால் என்ன செய்வது என்று, கைபேசி நெட்வொர்க் தரங்களை வகுக்கும் 3ஜிபிபியின் 24.008 ஆவணம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: 1 நிமிடம் என்று எடுத்துக்கொள்.

நீங்கள் முதல் அட்டவணையைப் பார்த்து 011 என்றால் 2 விநாடி, அதை ஐந்தால் பெருக்கினால் 10 விநாடி என்று எழுதினீர்கள். நெட்வொர்க் அதை 5 நிமிடம் என்று படித்து, தன் முறைப்படி 001 என்று திருத்தி எழுதித் திருப்பி அனுப்பியது. பிழைச் செய்தி இல்லை, மறுப்பு இல்லை. மரியாதையாக ஏற்றுக்கொண்டு 30 மடங்கு நேரம் விழித்திருக்க வைத்துவிட்டது. நான் பார்த்தவற்றில் பாதிப் பேட்டரிச் சாவு இந்த வகைதான்.

கணக்கு: ஒரு நாளில் 48 தடவை, ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்றால் 4 மணி நேரம். 2 மில்லி ஆம்பியர் வீதம் 8 மில்லி ஆம்பியர்-மணி. அதற்கு முன் வரும் 20 விநாடி வால் 48 தடவை என்றால் 16 நிமிடம். 40 மில்லி ஆம்பியர் வீதம் 10.7. மொத்தம் 18.7. உங்கள் 2,400-ஐ இதனால் வகுத்தால் 128 நாள் வர வேண்டும். 104 நாளில் தீர்ந்திருக்கிறது. மீதி 24 நாள் வேறெங்கோ ஒழுகுகிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

---

பள்ளத்தூர்ச் சிறுவன் | மே 4, இரவு 10.12

அண்ணே, இந்த இரண்டு டைமரும் என்ன செய்கின்றன என்று எனக்கு ஒரு தடவை சொல்லுங்கள். கல்லூரியில் படம் வரைந்து காட்டினார்கள். படம் நினைவிருக்கிறது, பொருள் நினைவில்லை.

---

கோட்டையூர்க் கம்பி | மே 4, இரவு 10.45

நம் பக்கத்து வீட்டை வைத்தே சொல்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில். பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் நகரச் சிவன் கோயில் கணக்கில் அந்தக் குடும்பத்தின் புள்ளி, அதாவது வரி கட்டும் குடும்பம் என்ற பதிவு, அப்படியே இருக்கிறது. வரி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை ‘இவர்கள் இந்த ஊர்ப் புள்ளி’ என்பதில் மாற்றமில்லை. திரும்பி வரும்போது புதிதாகப் பெயர் எழுத வேண்டியதில்லை, கதவைத் திறந்து உள்ளே போகலாம்.

பிஎஸ்எம் அந்தப் பூட்டிய வீடு. மோடம் தன் ரேடியோ பகுதியை முழுக்க அணைத்துவிடும். ஆனால் நெட்வொர்க்கின் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஐபி முகவரியும் இருக்கும். டி3412 அந்த வரி கட்டும் தவணை: ‘உயிரோடு இருக்கிறேன், இதே வட்டாரத்தில்தான் இருக்கிறேன்’ என்று மோடம் எழுந்து சொல்ல வேண்டிய கெடு. கெடு தாண்டியும் சத்தமில்லை என்றால் நெட்வொர்க் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெயரை அடித்துவிடும். டி3324 என்பது கதவைப் பூட்டும் முன் திண்ணையில் உட்காரும் நேரம். யாராவது கூப்பிடுகிறார்களா என்று 1.28 அல்லது 2.56 விநாடிக்கு ஒருமுறை காதைக் கொடுத்துக் கேட்கும் நேரம் அது. பூட்டிய பிறகு வெளியிலிருந்து எவ்வளவு தட்டினாலும் கேட்காது. உள்ளே இருப்பவனுக்கு வேலை இருந்தால் மட்டும் எந்த நேரமும் திறந்துகொண்டு வரலாம்.

இரண்டு டைமரும் ஒரே கணத்தில் தொடங்குகின்றன, இணைப்பு விடுபடும் கணத்தில். ஆகவே தூங்கும் நேரம் டி3412 அல்ல, அதிலிருந்து டி3324-ஐக் கழித்த மீதி.

பிஎஸ்எம் வந்தது 3ஜிபிபியின் 12-ஆம் வெளியீட்டில். என்பி-ஐஓடியும் இடிஆர்எக்ஸ் என்ற இன்னொரு மின்சேமிப்பு முறையும் அடுத்த 13-ஆம் வெளியீட்டில், 2016-இல். 5ஜி மையத்தில் ஏறத்தாழ இதே ஏற்பாட்டுக்கு மிக்கோ என்று பெயர், டி3412-இன் இடத்தில் டி3512. பெயர் மாறினாலும் பூட்டு அதுதான்.

---

செம்மண் | மே 5, காலை 7.02

இவ்வளவு பாடு எதற்கு? நாமே அமைத்துக்கொள்ளும் லோரா ரேடியோ வைத்தால் சிம்மும் வேண்டாம், டவரும் வேண்டாம், நெட்வொர்க்கின் கருணையும் வேண்டாம்.

---

கோட்டையூர்க் கம்பி | மே 5, காலை 7.30

ஒரே ஊரில் இருபது ஊருணி இருந்தால் நானும் லோராதான் சொல்வேன். ஓர் ஊருணிக்கு ஒரு வாங்கியை (கேட்வே) உயரத்தில் ஏற்றி, அதற்கு மின்சாரமும் இணையமும் கொடுத்து, இடி விழுந்தால் போய்ப் பார்த்து... அந்த வாங்கியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார்? டவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிற ஆள் இருக்கிறார்.

---

கானாடுகாத்தான் பேரன் | மே 5, காலை 11.48

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பூட்டிய வீடு என்றதும் நிற்க வேண்டியதாயிற்று. எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டில் மூன்றாம் கட்டுக் கதவிலும் மேல்மாடித் தொட்டியிலும் சென்சார் வைத்திருக்கிறேன். உள்ளூர் எலக்ட்ரீஷியன் மாட்டிக் கொடுத்தார். பிரச்சினை இரண்டு. ஒன்று, இங்கிருந்து ‘இப்போது தொட்டியில் எவ்வளவு?’ என்று கேட்டால் பதில் மறுநாள் வருகிறது. இரண்டு, கதவுக் கருவியின் பேட்டரி தொட்டிக் கருவியைவிட மூன்று மடங்கு வேகமாகக் குறைகிறது. கதவு மாதத்துக்கு ஒருமுறைகூடத் திறப்பதில்லை! ஒரே மாதிரிக் கருவி, ஒரே டைமர் அமைப்பு.

---

கோட்டையூர்க் கம்பி | மே 5, பிற்பகல் 2.15

இரண்டாவதற்கு முதலில் பதில். மூன்றாம் கட்டு என்றீர்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு தாண்டி உள்ளே. எத்தனை சுவர்? சுண்ணாம்பும் செங்கல்லுமாக ஒன்றரை முழம் தடிமன், நடுவில் பர்மாத் தேக்குக் கதவு. மேல்மாடித் தொட்டிக்கு வெறும் வானம்.

என்பி-ஐஓடி பழைய ஜிபிஆர்எஸ்ஸைவிட 20 டெசிபல் ஆழமாக உள்ளே எட்டும். அதை எப்படிச் சாதிக்கிறது என்றால், ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி. காது மந்தமான ஆச்சியிடம் பேசுவதைப் போல. மேல்நோக்கிய ஒரே செய்தியை 128 தடவை வரை, கீழ்நோக்கி 2,048 தடவை வரை திருப்பி அனுப்ப இடமுண்டு. தொட்டிக் கருவி ஒரு விநாடியில் சொல்லி முடிப்பதைக் கதவுக் கருவி அரை நிமிடம் கத்துகிறது. டைமர் ஒன்றுதான், ஒவ்வொரு விழிப்பின் விலை வேறு. கருவியைக் கதவிலேயே விட்டு, ஆன்டெனாவை மட்டும் கம்பி நீட்டி முற்றத்து வானத்தைப் பார்க்க வையுங்கள். அவை பிரியாத கருவியானால் முற்றத்துத் தூணுக்கு மாற்றுங்கள். அந்த மூன்று மீட்டர் நகர்வு எந்த டைமரையும்விட அதிகம் மிச்சப்படுத்தும்.

முதல் கேள்வி: கேட்டவுடன் பதில் வேண்டுமானால் பிஎஸ்எம் உதவாது. அதற்கு இடிஆர்எக்ஸ் இருக்கிறது. அது வீட்டைப் பூட்டுவதில்லை, குறித்த இடைவெளியில் ஒருமுறை சாளரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. என்பி-ஐஓடியில் 20.48 விநாடியில் தொடங்கி இரட்டை இரட்டையாக 10,485.76 விநாடி வரை, ஏறத்தாழ 2 மணி 55 நிமிடம். இதன் உடன்பிறப்பான எல்டிஇ-எம்மில் உச்சம் 43 நிமிடத்துக்குச் சற்று மேல். 81.92 விநாடி வைத்தால் சிங்கப்பூரில் நீங்கள் பொத்தானை அழுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் கேட்டுவிடும். ஆனால் விலை உண்டு.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். தொட்டி அளவு உங்களுக்கு இந்த நிமிடமே எதற்கு? கால் பங்குக்குக் கீழே போனால் கருவியே எழுந்து சொல்லட்டும். கதவு திறந்தால் அதுவும் அப்படியே. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரத் தடையில்லை என்றேன் அல்லவா? எச்சரிக்கை தருகிற கருவிக்கு பிஎஸ்எம் தான் சரி.

---

கானாடுகாத்தான் பேரன் | மே 5, பிற்பகல் 2.40

உண்மையைச் சொன்னால், தேவை என்று ஒன்றுமில்லை. இரவில் தூக்கம் வராதபோது வீட்டைப் பற்றி ஏதாவது ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும் போலிருக்கும்.

---

கோட்டையூர்க் கம்பி | மே 5, பிற்பகல் 2.58

அதற்கு இடிஆர்எக்ஸ்தான் ஐயா. 163.84 விநாடி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு பேட்டரி போகட்டும்.

---

செம்மண் | மே 5, மாலை 6.10

இன்னொரு கேள்வி, சண்டைக்கு இல்லை. பிஎஸ்எம்மில்கூட சில மைக்ரோ ஆம்பியர் போகிறது என்கிறார்கள். மோடத்தின் மின்சாரத்தையே வெட்டிவிட்டு, வேண்டும்போது போட்டால் பூச்சியம்தானே?

---

ஊருணிக்கரை | மே 6, இரவு 9.20

அதற்கு நானே பதில் சொல்கிறேன், நேற்று அளந்தேன். வெட்டிப் போட்டால் மோடம் அலைவரிசை தேடி, டவரைப் பிடித்து, புதிதாகப் பதிவுசெய்து முடிக்க 15 விநாடி, சராசரி 60 மில்லி ஆம்பியர். ஒரு தடவைக்கு 0.25 மில்லி ஆம்பியர்-மணி. பிஎஸ்எம்மில் என் மோடம் குடிப்பது 5 மைக்ரோ ஆம்பியர். அந்த 0.25-ஐக் குடித்துத் தீர்க்க அதற்கு 50 மணி நேரம் வேண்டும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் பேசும் கருவி என்றால் பிஎஸ்எம் லாபம். வாரத்துக்கு ஒருமுறை பேசும் கருவிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி.

இனி என் கதை. டி3324-ஐ 00000101 என்று திருத்தினேன். பதிலும் 00000101 என்றே வந்தது, இம்முறை எட்டு பிட்டையும் விரல் வைத்துப் படித்தேன். பத்து விநாடியில் துடிப்பு நின்றது. சுவிட்சைத் திறந்தேன். 5 மைக்ரோ ஆம்பியர் எதிர்பார்த்த இடத்தில் மீட்டர் காட்டியது 187.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சென்சாரைக் கழற்றினேன், 187. மோடத்தையே கழற்றினேன், 182! ஆக மோடத்தின் பங்கு அந்த 5 தான், அது சொன்ன சொல் தவறவில்லை. மீதி எங்கே என்று தேடினால், பேட்டரி எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அறிய நான் வைத்த மின்தடை இரண்டு. ஒவ்வொன்றும் 10 கிலோ ஓம். 3.6 வோல்ட்டை 20 ஆயிரத்தால் வகுத்தால் 180 மைக்ரோ ஆம்பியர். பகலிரவாக நாளுக்கு 4.3 மில்லி ஆம்பியர்-மணி. பேட்டரி தீருகிறதா என்று பார்க்க வைத்த பொருள் பேட்டரியைத் தீர்த்திருக்கிறது.

18.7-உடன் 4.3-ஐக் கூட்டினால் 23. 2,400-ஐ 23-ஆல் வகுத்தால் 104.

கணக்கு பைசா சுத்தமாக நேர்ந்ததில் எனக்கு வந்த மகிழ்ச்சியை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு மின்தடையையும் 10 லட்சம் ஓம் ஆக்கிவிட்டேன். இப்போது 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு.

ஆனால் புதுத் தலைவலி. நேற்றுக் கடையில் வாங்கிய மூன்றாவது செல்லைப் போட்டதும், மோடம் அனுப்பத் தொடங்கும் கணத்தில் விழுந்து விழுந்து எழுகிறது. மீட்டர் இல்லாமலே! செல் 3.6 வோல்ட் காட்டுகிறது.

---

ஓய்வுபெற்ற மின்கலம் | மே 7, காலை 5.40

தம்பிகளே, நான் இதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மின்வேதியியல் ஆய்வில் முப்பது ஆண்டு இருந்தவன், காரைக்குடிக்காரன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற ஊரில், பேட்டரியை வெறும் ‘2.4 ஆம்பியர்-மணி’ என்று தண்ணீர்க் குடம் போலப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

லித்தியம் தயோனில் குளோரைடு சும்மா இருக்கும்போது லித்தியத்தின் மேல் லித்தியம் குளோரைடு ஏடு படியும். பால் மேல் ஆடை படிவதைப் போல. அந்த ஏடுதான் அதற்கு ஆயுள் தருகிறது, தன்னால் கரைவதைத் தடுத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டோடு நிறுத்துகிறது. அதே ஏடுதான் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது குறுக்கே நிற்கிறது. வெறுமனே அளந்தால் 3.6 வோல்ட் காட்டும், மோடம் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்ததும் சரிந்துவிடும். அந்தச் செல் கடையில், வெயில் படும் அலமாரியில், நெடுநாள் கிடந்திருக்க வேண்டும். வெப்பம் ஏட்டைத் தடிப்பாக்கும்.

இப்போதைக்கு 120 ஓம் மின்தடை ஒன்றைச் செல்லுக்குக் குறுக்கே சில நிமிடம் வையுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஓடி ஏடு உடையும். நிரந்தரத் தீர்வு அதுவல்ல. நீங்கள் இப்போது நன்றாகத் தூங்கக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள், ஏடு படிய வசதியாகிவிட்டது. அந்தப் பென்சில் அளவுச் செல் மெதுவாகக் கொடுக்கப் பிறந்தது. அதற்கு இணையாக இந்த வகைச் செல்லுக்கென்றே விற்கும் துடிப்பு மின்தேக்கி ஒன்றை வையுங்கள். செல் அதைச் சொட்டுச் சொட்டாக நிரப்பும், மோடம் அதிலிருந்து அள்ளிக்கொள்ளும். சாதாரண மின்பகுளி மின்தேக்கியைப் பெரிதாக வைத்துவிடாதீர்கள், அதன் கசிவு உங்கள் 5 மைக்ரோ ஆம்பியரை மிஞ்சும்.

---

ஊருணிக்கரை | மே 7, காலை 6.15

ஐயா, தண்ணீர்க் குடம் என்று பேசியதற்கு மன்னியுங்கள். இன்றே தேடுகிறேன்.

---

கோட்டையூர்க் கம்பி | மே 7, காலை 7.10

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மோடம் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அது அந்த 15 விநாடித் தேடலைப் புதிதாகத் தொடங்குகிறது. இரவு முழுக்க விழுந்து எழுந்தால் ஒரு மாதத் தீனி ஓர் இரவில் போகும். மூன்று முறை விழுந்தால் ஆறு மணி நேரம் முயலாதே என்று சில்லில் எழுதிவிடுங்கள்.

அடுத்து அந்த 20 விநாடி வால். தகவல் முடிந்த பிறகும் ‘இன்னும் ஏதாவது வருமோ’ என்று நெட்வொர்க் இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும் நேரம் அது. அந்த டைமர் அவர்கள் கையில், நமக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் ‘இதுதான் கடைசி, விட்டுவிடலாம்’ என்று தகவலோடு சேர்த்துச் சொல்லும் ஒரு குறி 13-ஆம் வெளியீட்டிலிருந்து இருக்கிறது, விடுவிப்பு உதவிக் குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மோடத்தின் கையேட்டில் தேடுங்கள். டவர் மதித்தால் லாபம்.

சர்வருக்கு எந்த நெறிமுறையில் அனுப்புகிறீர்கள்?

---

ஊருணிக்கரை | மே 7, இரவு 8.44

எம்க்யூடிடி. இணைப்பு அறுபடாமல் இருக்க 5 நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பு அனுப்பும்படி எழுதியிருந்தேன். தூங்கும்போது அது போவதில்லை, ஆகவே ஒவ்வொரு தடவையும் சர்வர் ‘ஆள் போய்விட்டான்’ என்று முடிவுகட்டி, மறுபடி கைகுலுக்கல்...

---

கோட்டையூர்க் கம்பி | மே 7, இரவு 9.05

தூங்கப் போகிறவனிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘தூங்கிவிட்டாயா?’ என்று கேட்கிற ஏற்பாடு. இணைப்பைப் பிடித்துவைக்கத் தேவையில்லாத யுடிபிக்கு மாறுங்கள், அதன் மேலே சிறு கருவிகளுக்கான கோஆப் நெறிமுறை. கருவிக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சர்வர் அதை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். கருவி பேசியவுடன் அதற்குப் பதிலாகவே கொடுத்துவிடட்டும். உங்கள் 10 விநாடித் திண்ணை அதற்குப் போதும். நினைத்த நேரத்தில் சர்வர் அனுப்பினால் நடுவிலிருக்கும் முகவரி மாற்றி அந்த வழியை எப்போதோ மறந்திருக்கும்.

கடைசியாக: அரை மணிக்கு ஒருமுறை ஏன்? ஊருணித் தண்ணீர் அரை மணியில் எங்கே ஓடிவிடப் போகிறது?

---

ஊருணிக்கரை | மே 19, இரவு 10.02

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். துடிப்பு மின்தேக்கி உள்ளூரில் கிடைக்கவில்லை, தபாலில் வந்தது.

இப்போதைய நிலை: அளப்பது அரை மணிக்கு ஒருமுறை, அனுப்புவது ஆறு மணிக்கு ஒருமுறை. மட்டம் சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ மட்டும் உடனே. விடுவிப்புக் குறி எங்கள் டவரில் வேலை செய்கிறது, 20 விநாடி வால் 4 ஆனது.

டி3412-இல் நான் ஒரு பாடம் கற்றேன். முன்பு அதையும் அனுப்பும் இடைவெளியையும் அரை மணி என்று ஒன்றாகவே வைத்திருந்தேன். மோடத்தின் டைமர் இணைப்பு விடுபட்டதும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. என் சில்லின் கடிகாரமோ வெயிலில் பெட்டி சூடானால் பின்தங்குகிறது. ஆகவே பகலில் மோடம் முதலில் எழுந்து வரி கட்டிவிட்டுத் தூங்கும், சில விநாடி கழித்து நான் போய் எழுப்புவேன். ஒரே வேலைக்கு இரண்டு விழிப்பு. இப்போது ஆறு மணிக்கு ஒருமுறை அனுப்புவதற்கு, டி3412-ஐ 12 மணி கேட்டேன், 00101100. கெடு வருவதற்குள் நான் பேசிவிடுவதால் அந்த டைமர் ஒருமுறைகூட முடிவதில்லை.

இதில் முதல் வாரம் வேடிக்கை. நான் 12 மணி கேட்க, நெட்வொர்க் 00100011 கொடுத்தது. மூன்று மணி. என்ன கேட்டாலும் மூன்று மணி. சிம் கொடுத்த நிறுவனத்தோடு ஒன்பது நாள் மின்னஞ்சல் போராட்டம். முதல் நான்கு நாள் ‘கைபேசியை அணைத்துவிட்டுப் போடுங்கள்’ என்றார்கள். ஐந்தாம் நாள் விவரம் தெரிந்த ஓர் அம்மா பேசினார். எங்கள் சந்தாவிலேயே மூன்று மணி என்று எழுதியிருக்கிறது, நாம் என்ன கேட்டாலும் அதுதான் செல்லுமாம். மாற்றிக் கொடுத்தார். இப்போது கேட்பதும் கிடைப்பதும் ஒன்று.

நாளொன்றுக்கு: அனுப்புவதற்கு 0.18, திண்ணைக்கு 0.02, தூக்கத்துக்கு 0.12, அளப்பதற்கு 0.08, மின்தடைக்கு 0.04. மொத்தம் 0.44 மில்லி ஆம்பியர்-மணி. முன்பு 23. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 15 ஆண்டு வருகிறது.

---

ஓய்வுபெற்ற மின்கலம் | மே 20, காலை 5.35

15 என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். பெட்டி கல்தூணில், கத்திரி வெயிலில். உள்ளே 50 பாகை தாண்டும். அந்தச் சூட்டில் தானாகக் கரைவதே உங்கள் 0.44-ஐ எட்டிப் பிடிக்கும். ஐந்து ஆண்டு என்று எழுதுங்கள். பெட்டிக்கு மேலே ஒரு பழைய ஓட்டைச் சாய்த்து நிழல் கொடுத்தால் ஆறு.

---

ஊருணிக்கரை | மே 20, காலை 6.50

ஐந்து என்றே சொல்கிறேன் ஐயா. ஓடு வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது, இன்று மாலை வைத்துவிடுகிறேன். பல்லி முட்டையை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

---

புதுவயல் | மே 22, இரவு 11.30

வணக்கம், இழையை இன்றுதான் படித்தேன். நானும் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு இதே போலச் செய்கிறேன். எனக்கு 20 மணி நேரம் வேண்டும். 01000010 என்று எழுதினால் சரிதானே?

---

கோட்டையூர்க் கம்பி | மே 22, இரவு 11.34

எந்த டைமருக்கு?